நாற்பத்தொன்றாவது குழாய்

என் மேசை மேல் ஓர் அட்டை மூடி இருக்கிறது. சாண் அகலச் சதுரம். ஒரு காலத்தில் வெள்ளை. அதன் மேல்புறத்தில் ஓர் ஒட்டுச்சீட்டு. சீட்டில் எங்கள் துறைத் தலைவரின் பெயர், பெயருக்கு மேலே ஓர் அம்புக்குறி. தினமும் காலையில் சூடான காபி டம்ளரை நான் அந்தப் பெயரின் மீதுதான் வைக்கிறேன். ஓய்வு பெற்ற இந்த ஆறு வருடங்களில் முதல் எழுத்து முழுக்கக் கரைந்துவிட்டது. மற்றவையும் கரையும், எனக்கு அவசரம் இல்லை. அம்புக்குறி மட்டும் அழிந்துவிடக் கூடாது என்று அதன் மேல் செல்லோடேப் ஒட்டி வைத்திருக்கிறேன். பெயர் போகலாம், சாட்சி போகக் கூடாது. மூடிக்கு அடியில் மடித்த காகிதம் ஒன்று இருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பூந்தமல்லியைத் தாண்டி இருக்கும் ஒரு கல்லூரியின் உயிர்வேதியியல் துறையில் இருபத்தேழு வருடம் ஆய்வுக்கூட மேற்பார்வையாளராக இருந்தேன். முதல் வகுப்பில் முதுகலை முடித்தவள். பாடம் நடத்தும் வேலைக்கு மூன்று முறை விண்ணப்பித்து, மூன்று முறையும் நிர்வாகத்தின் உறவினர் யாருக்காவது வழிவிட்டவள். என் கணவர் ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலையில் தரப் பரிசோதகர். குவார்ட்டர்ஸில் இருந்த காலத்திலிருந்து அண்ணனூரில் வீடு கட்டி வந்தது வரைக்கும் எங்கள் இருவருக்கும் தெரிந்த ஒரே வேதம், பார்க்காததில் கையெழுத்துப் போடாதே என்பதுதான். பிள்ளைகளின் பள்ளி ரேங்க் கார்டில்கூட ஒவ்வொரு மதிப்பெண்ணையும் கூட்டிப் பார்த்த பிறகுதான் கையெழுத்திடுவார். ஒருமுறை ஆசிரியரின் கூட்டல் தப்பு என்று திருப்பி அனுப்பினார். பிள்ளைக்கு ஒரு மதிப்பெண் குறைந்தது.

துறைத் தலைவர் இந்த வேதத்தைக் கேள்விப்படாதவர். ஆள் பார்க்க லட்சணமாக இருப்பார். நல்ல கம்பீரமான குரல். பச்சை மைப் பேனாவைச் சட்டைப் பையில் மெடல் போலக் குத்தியிருப்பார். கோப்பைத் திறக்கும் கையும் கையெழுத்துப் போடும் கையும் ஒரே அசைவில் முடிந்துவிடும். “ஒரு தடவை படிச்சுப் பாத்துடுங்க சார்” என்று சொன்னால், “நானே படிக்கணும்னா நீங்கல்லாம் எதுக்கும்மா இருக்கீங்க?” என்பார். அவருக்கு இன்னொரு வாசகமும் உண்டு. யாராவது ஒரு குறை சொன்னால், முகத்தைப் பார்க்காமல் “எழுதிக் குடும்மா” என்பார். எழுதிக் கொடுத்தால் அது மேசையின் இடது இழுப்பறைக்குள் போகும். அந்த இழுப்பறையிலிருந்து எதுவும் வெளியே வந்ததை நான் பார்த்ததில்லை. குளிர் தாங்கும் ஒட்டுச்சீட்டு வேண்டும் என்று நான் மூன்று முறை எழுதிக் கொடுத்த விண்ணப்பங்களும் அங்கேதான் ஓய்வெடுத்தன. சாதாரண மார்க்கர் போதும் என்றார்.

அந்த மூடி எதன் மூடி என்று சொல்ல வேண்டும். ஆய்வுக்கூடத்தில் மைனஸ் எண்பது டிகிரி ஃப்ரீசர் ஒன்று இருந்தது. அதில் சுண்டுவிரல் நீளக் குழாய்களை வைக்க அட்டைப் பெட்டிகள். பெட்டிக்குள் குறுக்கும் நெடுக்குமாக அட்டைத் தடுப்புகள். ஒன்பதுக்கு ஒன்பது, எண்பத்தொரு கட்டங்கள். முதல் குழாய் எந்த மூலையில் தொடங்குகிறது என்பதுதான் பெட்டியின் உயிர்நிலை. பெட்டி சதுரம், மூடியும் சதுரம். நான்கு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். அதனால் நான் ஒவ்வொரு பெட்டியின் அடிப்பாகத்திலும் ஒரு மூலையை பிளேடால் வெட்டி வைப்பேன். வெட்டிய மூலைதான் ஒன்று. மூடியில் எதையும் எழுத மாட்டேன், எழுதவும் விட மாட்டேன். மூடி சுற்றும், பெட்டி சுற்றாது. புதிதாக வருகிற ஒவ்வொருவரிடமும் நான் சொல்லும் முதல் வாக்கியம் அது. அதையே ஒரு சீட்டில் எழுதி ஃப்ரீசர் கதவில் ஒட்டியிருந்தேன். ஆய்வுக் குழு வருகிற சமயத்தில் கதவில் சீட்டு இருந்தால் பெட்டிக்கடை மாதிரி இருக்கிறது என்று துறைத் தலைவர் அதைக் கிழித்துப் போட்டார். அதோடு நிற்கவில்லை. தன் திட்டத்துக்குரிய பெட்டி எது என்று வருகிறவர்களுக்குத் தெரிய வேண்டும் என்று, தன் பெயரும், முதல் குழாயின் மூலையைக் காட்டும் ஓர் அம்புக்குறியும் அச்சிட்ட சீட்டை ஒட்டினார். மூடியின் மேல்.

அந்தத் திட்டம் அவருடைய வாழ்நாள் கனவு. சர்க்கரை நோயால் சிறுநீரகம் பழுதான நாற்பது பேர், ஒன்று முதல் நாற்பது வரை. நோயில்லாத நாற்பத்தொரு பேர், நாற்பத்தொன்று முதல் எண்பத்தொன்று வரை. பெட்டி சரியாக நிரம்பியது. எல்லாருடைய இரத்தத்தையும் வாங்கி, அதிலிருந்து பிரித்தெடுத்து, குழாய்களில் அடைத்தவள் ஓர் ஆராய்ச்சி மாணவி. விடியற்காலையில் மருத்துவமனை வாசலில் போய் நின்று, ஒவ்வொரு நோயாளியிடமும் பேசி, ஒப்புதல் கையெழுத்து வாங்கி வந்தவள். இரண்டு வருட உழைப்பு அது. குழாய்களை வெளியூர் நிறுவனம் ஒன்றுக்கு அனுப்பினால் அவர்கள் மரபணு வேலையை அளந்து, ஆராய்ந்து, படமும் போட்டு அனுப்பிவிடுவார்கள். அனுப்ப வேண்டிய வாரம் என் கணவருக்குக் குடலிறக்க அறுவை. நான் நான்கு நாள் விடுப்பு எழுதிக் கொடுத்தேன். மாணவி ஒரு மாநாட்டுக்குப் போயிருந்தாள். நிறுவனத்தின் ஆள் வந்ததும், காத்திருக்கச் சொல்ல மனமில்லாமல், துறைத் தலைவரே கையுறை மாட்டிக்கொண்டு நின்று குழாய்களில் இருந்ததை நிறுவனத்தின் குழாய்களுக்கு மாற்றிக் கொடுத்தார். அவர் வாழ்க்கையில் தன் கையால் செய்த வேலை எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

திரும்பி வந்த அன்று நான் பார்த்தது இவ்வளவு. குப்பைத் தொட்டியில் எங்கள் பழைய குழாய்கள் கிடந்தன. மேலே படிந்த பனியை ஸ்பிரிட் தோய்த்த பஞ்சால் துடைத்திருக்கிறார். மார்க்கர் எண்கள் அழிந்து, தலைகள் எல்லாம் மொட்டையாக இருந்தன. காலிப் பெட்டி மேசை மேல் இருந்தது. அதன் மூடி திரும்பியிருந்தது. அம்புக்குறி, வெட்டிய மூலைக்கு நேர் எதிர்ப்பக்கம். நான் மூடியை எடுத்துச் சரியாகத் திருப்பி வைத்தேன். தெருவில் செருப்பு கவிழ்ந்து கிடந்தால் நிமிர்த்தி வைப்போமே, அந்த மாதிரி. பதிவேட்டில் எழுதவில்லை. காலிப் பெட்டிதானே. இருபத்தேழு வருடத்தில் ஃப்ரீசர் ஐந்து நிமிடம் திறந்திருந்ததைக்கூட எழுதியவள், அன்று எழுதவில்லை.

கட்டுரை ஒரு வெளிநாட்டு ஆய்விதழில் வந்தது. சால்வை, மாலை, கல்லூரி வாசலில் பேனர் எல்லாம் வந்தன. நோயாளிகளிடம் இன்னின்ன மரபணுக்கள் கூடுதலாக வேலை செய்கின்றன என்பது கண்டுபிடிப்பு. நோயாளிகள் ஒரு பக்கமும் மற்றவர்கள் இன்னொரு பக்கமுமாகப் புள்ளிகள் அணிவகுத்து நிற்கிற படம் ஒன்றும் அதில் இருந்தது. கீழே பொடி எழுத்தில் ஒரு வரி: நாற்பத்தொன்றாம் மாதிரி தரக் குறைவால் நீக்கப்பட்டது. அந்த ஒரு புள்ளி மட்டும் எதிரணியில் போய் நின்றதாம். துறைக் கூட்டத்தில் எல்லாரும் கைதட்டி முடித்த பிறகு அந்த மாணவி எழுந்து, “நாற்பத்தொன்னை ஏன் சார் எடுத்தீங்க? அது நல்ல மாதிரி சார், நானே எடுத்தது” என்றாள். அவர் சிரித்தார். “வீட்ல பத்துப் பிள்ளை இருந்தா ஒண்ணு உருப்படாமத்தாம்மா போகும்” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்திருப்பேன்.

அவள் விடவில்லை. புதிதாக நோயாளிகளைத் தேடிப் பிடித்து அதே மரபணுக்களை எங்கள் ஆய்வுக்கூடத்திலேயே அளந்தாள். தலைகீழாக வந்தது. மறுபடி அளந்தாள், மறுபடியும் தலைகீழ். அவர் கூடுகிறது என்றதெல்லாம் இவள் கையில் குறைந்தது. விஷயம் வெளியே கசிவதற்குள் துறைத் தலைவர் ஒரு விசாரணைக் குழு அமைத்து, தானே அதன் தலைவராகவும் அமர்ந்தார். என்னையும் கூப்பிட்டார்கள். சேமிப்பில் முறைகேடு ஏதாவது பார்த்தீர்களா என்று கேட்டார்கள். “பதிவேட்டில் எதுவும் இல்லை” என்றேன். கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை. அலுவலகத்தில் நாளாக நாளாக இப்படிப்பட்ட பதில்கள் நாக்கில் தாமாக ஊறிவிடும். மூடி விஷயம் முக்கியம் என்று அப்போது எனக்குத் தெரியாது என்றுதான் எல்லாரிடமும் சொல்லி வந்திருக்கிறேன். தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேனா என்று என்னை நானே கேட்டுக்கொண்டதில்லை. மாதிரிகளைக் கையாண்டதில் தவறு என்று சொல்லி அவளுடைய ஆராய்ச்சிப் பதிவை ரத்து செய்தார்கள். எனக்கு ஒரு மெமோ வந்தது: “மாதிரிகளைப் பராமரிப்பதில் கவனக்குறைவு.” பச்சை மைக் கையெழுத்து. மூடிக்கு அடியில் இருக்கிறது என்றேனே, அந்தக் காகிதம் அதுதான். அந்தப் பெட்டியைக் கழித்துக் கட்டிய நாளில் மூடியை மட்டும், கழிவுப் பதிவேட்டில் முறைப்படி எழுதிவிட்டு, நான் எடுத்து வந்தேன். எதற்கு என்று அன்று தெரியவில்லை. அவர் பெயர் அதில் இருந்தது. மேலே எதையாவது வைக்கலாம் என்று தோன்றியது.

ஓய்வு பெற்றேன். மாடி வீட்டை இரண்டு பெண்களுக்கு வாடகைக்கு விட்டேன். இருவரும் அதே கல்லூரியில் முதுகலை. ஒருத்தி தென்காசிப் பக்கம். பேச்சு குறைவு, கண் கூர்மை. இன்னொருத்தி சென்னையில் பாடி பக்கத்துக்காரி, அவள் அப்பாவுக்கு அங்கே ஒரு பழைய தொழிற்சாலையில் வேலை. வீட்டில் படிக்க இடமில்லை என்று இங்கே வந்து தங்கியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் மடிக்கணினியோடு கீழே வருவார்கள். மாடியில் இணையம் எடுக்காது. ஒரு நாள் பாடிக்காரி காபியைக் குடித்துக்கொண்டே, “ஆன்ட்டி, இன்னா அநியாயம் பாருங்க. மரபணு டேட்டாவ வெளிய குடுத்து வாங்கினு வந்தாப் போதுமாம், நாங்க கையெழுத்து மட்டும் போடணுமாம். அப்பறம் நாங்க இன்னாத்துக்குப் படிக்கறோம்?” என்றாள். “நாங்களே பண்ணப் போறோம்” என்றாள் தென்காசிக்காரி. எந்த டேட்டா என்று கேட்டேன். கல்லூரியின் பெருமைக்குரிய டேட்டா ஒன்று பொதுவில் இருக்கிறதாம். இப்போது இயக்குநராகிவிட்ட பழைய துறைத் தலைவருடையதாம். எண்பத்தொரு மாதிரிகள். நிறுவனமே நேரடியாக ஏற்றிவிட்டதால் நாற்பத்தொன்றும் அதில் அப்படியே இருந்தது.

நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

அவர்கள் கற்றுக்கொண்ட விதத்தைப் பக்கத்திலிருந்து பார்த்தது என் அதிர்ஷ்டம். முதல் மாதம் இணையத்தில் யாரோ எழுதி வைத்த கணினிக் கட்டளைகளை அப்படியே எடுத்து ஓட்டினார்கள். அழகான வண்ணப் படம் வந்தது. ஃபோனில் அதை முகப்புப் படமாகக்கூட வைத்துக்கொண்டார்கள். இந்தச் சிவப்பு எதைச் சொல்கிறது என்று நான் கேட்டதும் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். தென்காசிக்காரிக்கு அன்று ரோஷம் வந்துவிட்டது. படத்தை அழித்துவிட்டு, முதல் வரியிலிருந்து தானே எழுதத் தொடங்கினாள். பாடிக்காரி அவளோடு சண்டை போட்டுக்கொண்டே தொடர்ந்தாள். ஒரு வாரம் முழுக்க வெறும் அட்டவணையைத் திறந்து, அதன் நெடுக்கு நிரல்களின் வரிசையும் மாதிரிப் பட்டியலின் வரிசையும் ஒன்றா என்று சரிபார்த்தார்கள். இத்தனை நாள் அதைப் பார்க்காமலே படம் போட்டோமே என்று வெட்கப்பட்டார்கள். இப்படி வெட்கப்படத் தெரிந்த ஒருவரை அந்தத் துறையில் நான் ஒரே ஒரு முறைதான் பார்த்திருந்தேன்.

மரபணு வேலை செய்வது என்றால் என்ன என்று அலுவலகத்தில் இருந்தவர்களுக்குச் சொல்வது சுலபம். ஒவ்வொரு செல்லுக்குள்ளும் விதிப் புத்தகம் முழுசாக இருக்கிறது, ஒவ்வொரு மேசையிலும் இருப்பது போல. ஆனால் எல்லா விதியும் எல்லா நாளும் அமலில் இருப்பதில்லை. இன்று எந்த விதியின் பேரில் எத்தனை சுற்றறிக்கை போயிருக்கிறது என்று எண்ணினால், அந்த அலுவலகம் என்ன செய்துகொண்டிருக்கிறது என்று தெரிந்துவிடும். இந்த ஆய்வு அப்படி எண்ணுவதுதான். ஆனால் எண்ணுவதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இந்தச் சுற்றறிக்கைகள் இந்த அலுவலகத்துடையவைதானா? தென்காசிக்காரி அதைத் தானாகவே கண்டுபிடித்துக் கேட்டாள். பெண்களின் செல்லில் மட்டும் ஓயாமல் வேலை செய்யும் மரபணு ஒன்று உண்டாம். ஆண்களிடம் மட்டுமே இருக்கும் சிலவும் உண்டாம். பட்டியல் ஆண் என்று சொல்கிற மாதிரிக்குள் ஆண் இருக்கிறானா என்று அவற்றை வைத்துப் பார்த்துவிடலாம்.

பார்த்தாள். மடிக்கணினியை மெதுவாக மூடினாள். பாடிக்காரி அதை மறுபடி திறந்தாள். “ஆன்ட்டி, பாதிக்குப் பாதி பொருந்தல. ஆம்பளன்னு போட்டு கீது, உள்ள பொம்பள கீது. பொம்பளன்னு போட்டு கீது, உள்ள மீசை வெச்சுகினு ஒருத்தன் குந்திகினு கீறான். காசு சுண்டிப் போட்ட மாதிரி கீது. குப்ப டேட்டா ஆன்ட்டி, தூக்கிப் போட்டு வேற எடுக்கணும்.”

தூக்கிப் போடாதே என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. கட்டம் போட்ட இரண்டு தாள்களை எடுத்தேன். இரண்டிலும் ஒன்பதுக்கு ஒன்பது வரைந்தேன். ஒன்றில் பட்டியல் சொல்வதை நிரப்பச் சொன்னேன். ஆணுக்கு நீலம், பெண்ணுக்குச் சிவப்பு. இன்னொன்றில் மரபணு சொல்வதை. பிறகு இரண்டாவது தாளைத் தலைகீழாகத் திருப்பி, முதல் தாளின் மேல் வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். நீலத்தின் மேல் நீலம், சிவப்பின் மேல் சிவப்பு. எண்பத்தொன்றும். வெளியே பணிமனைக்குப் போகும் காலி ரயில் ஒன்று நிதானமாக ஊர்ந்துகொண்டிருந்தது. “எப்டி ஆன்ட்டி?” என்றாள் பாடிக்காரி. நான் மேசையிலிருந்த காபி டம்ளரை எடுத்துவிட்டு மூடியைக் காட்டினேன்.

அவர் மூடியின் அம்புக்குறியைப் பார்த்து, எதிர் மூலையிலிருந்து எண்ணியிருக்கிறார். எண்பத்தொன்று ஒன்றாகியது, ஒன்று எண்பத்தொன்றாகியது. நோயாளிகள் மொத்தமாக ஆரோக்கியமானவர்கள் ஆனார்கள். ஆரோக்கியமானவர்கள் நோயாளிகள் ஆனார்கள். அரைகுறையாக மாறியிருந்தால் படம் கலங்கி அன்றே அகப்பட்டிருப்பார். முழுசாக மாறியதால் படம் கண்ணாடி மாதிரித் தெளிவாக வந்தது. எந்தப் பக்கமிருந்து எண்ணினாலும் இடம் மாறாத கட்டம் ஒன்றே ஒன்றுதான், நட்டநடுவில் இருக்கும் நாற்பத்தொன்று. அந்தப் பெட்டியில் தன் உண்மைப் பெயரோடு நின்றது அது மட்டும்தான். அதைத்தான் அவர் தரக் குறைவு என்று தூக்கினார்.

அன்று மாலை முழுக்க எனக்குள் ஒரு திருவிழா நடந்தது. மறைக்க மாட்டேன். துறைக் கருத்தரங்கில் இந்தப் பெண்கள் அவர் முன்னிலையில் இந்த இரண்டு தாள்களையும் தூக்கிப் பிடிப்பார்கள். அவருடைய முகம் எந்த நிறத்துக்குப் போகும் என்று வகைவகையாகக் கற்பனை செய்தேன். பாடிக்காரியும் தயாராகத்தான் இருந்தாள். “நான் சொல்றேன் ஆன்ட்டி, எனக்கு இன்னா பயம்” என்றாள். அவள் பயப்பட வேண்டியதை எல்லாம் நான் ஏற்கெனவே ஒருத்திக்கு நடக்கப் பார்த்திருந்தேன். அடுத்தவர் செய்த வேலையைத் தூக்கிக்கொண்டு மேடை ஏறுவது அவருடைய வழக்கம். என் பழியை இந்தப் பெண்களின் தலையில் வைத்துத் தீர்த்துக்கொண்டால் எனக்கும் அவருக்கும் பேனா மையின் நிறம் மட்டுமே வித்தியாசம். அவர்களை வேறு டேட்டா எடுத்துக்கொள்ளச் சொன்னேன். இதை நானே செய்து, நானே கையெழுத்துப் போடுவேன் என்றேன். கையெழுத்துப் போடுகிறவள் தானே பார்த்திருக்க வேண்டும்.

அறுபத்து நான்கு வயதில் கட்டளை எழுதக் கற்றுக்கொண்டேன். ஒரு நோட்டில் பிழைப் பதிவேடு தொடங்கினேன்: தேதி, பிழை, காரணம், திருத்தம். முதல் பக்கம் முழுக்க ஒரே காரணம்தான், அடைப்புக்குறியை மூடவில்லை. திரையில் சிவப்பு எழுத்து வந்தால் மடிக்கணினியை மூடிவிடுவேன். “ரெட்டுல வந்தா திட்டுதுன்னு நெனச்சுக்காதீங்க ஆன்ட்டி, அது இன்னா கேக்குதுன்னு படிங்க” என்பாள் பாடிக்காரி. மெமோக்களையும் அப்படிப் படித்திருக்கலாம் என்று தோன்றும். தென்காசிக்காரி எதையும் செய்து கொடுக்க மாட்டாள். கேட்டால், “நீங்களே பாருங்க, அங்கனதான் இருக்கு” என்று சொல்லிவிட்டுப் போய்விடுவாள். மூன்று மாதம் ஆயிற்று. கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை காலை, யாரும் பக்கத்தில் இல்லாதபோது, என் கையால் எழுதிய வரிகளில் அந்தப் படம் வந்தது. இரண்டு கூட்டம். திருத்திய பட்டியலோடு நாற்பத்தொன்று தன்னுடைய கூட்டத்தின் நடுவில் வந்து நின்றது. நோயாளிகளிடம் அந்த மரபணுக்கள் குறைந்திருந்தன, அந்த மாணவி சொன்னது போலவே. எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

கடிதத்தை வரைந்தேன். ஆய்விதழுக்கு ஒன்று, என் மெமோவைத் திரும்பப் பெறச் சொல்லிக் கல்லூரிக்கு ஒன்று, இயக்குநருக்கு ஒரு பிரதி. இணைப்புகளுக்கு வரிசை எண், ஒவ்வொரு பக்கத்திலும் சுருக்கொப்பம். ஓட்டை என்று சொல்ல ஓர் ஊசி நுழையும் இடம்கூட இல்லை. தென்காசிக்காரியிடம் படித்துப் பார்க்கக் கொடுத்தேன். அவள் இரண்டு முறை படித்துவிட்டு, “மூடி திரும்பியிருந்திருக்கலாம்னு போட்டிருக்கீய. நீங்க அப்பமே பாத்தீயளா ஆன்ட்டி?” என்றாள். பார்த்தேன் என்றேன். “அப்பம் இருக்கலாம்னு ஏன் எழுதுதீய?” என்றாள். குற்றம் சாட்டுகிற தொனியே இல்லை. நிரல் வரிசையைச் சரிபார்க்கும்போது கேட்பாளே, அதே தொனி. எனக்குக் கோபம் வந்தது. மாடி வாடகை ஒப்பந்தம் எப்போது முடிகிறது என்றுகூட ஒரு கணம் யோசித்தேன். அதை எழுதினால் அவர் கையில் நானே ஒரு கத்தியைக் கொடுப்பதாகும். இரண்டு நாள் கடிதம் மேசை மேல் கிடந்தது. மூன்றாம் நாள் கடைசிப் பத்தியாக மூன்று வாக்கியம் சேர்த்தேன். மூடி திரும்பியிருந்ததைப் பார்த்தேன். திருப்பி வைத்தேன். பதிவேட்டில் எழுதவில்லை, விசாரணையிலும் சொல்லவில்லை.

அனுப்புவதற்கு முன் ஒரு பிரதியை அந்தப் பழைய மாணவிக்கு அனுப்பினேன். அவளுக்கு இப்போது ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை, முகப்பேரில் வீடு என்று கேள்வி. பத்து நாள் பதில் இல்லை. மன்னிக்க மாட்டாள் என்று நினைத்தேன், மன்னிக்கவும் வேண்டாம். பதினோராம் நாள் ஒரு செய்தி வந்தது: “மேடம், கடைசிப் பத்தியைப் படித்தேன். அதைப் பற்றி இப்போது பேச முடியாது. அந்தப் படத்தை மட்டும் அனுப்புங்கள். நாற்பத்தொன்று எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும்.” அனுப்பினேன். அதன் பிறகு ஆய்விதழுக்கு மின்னஞ்சல் அனுப்பிவிட்டு, ஆவடி தபால் நிலையத்துக்குப் போய், கல்லூரிக்கும் இயக்குநருக்கும் பதிவுத் தபால், ஒப்புகை அட்டையோடு.

இயக்குநரின் ஒப்புகை அட்டை நான்கே நாளில் திரும்பி வந்தது. பச்சை மை. வழக்கம் போலப் படிக்காமல் போட்ட கையெழுத்து. எனக்கு அவ்வளவு மகிழ்ச்சியாக இருந்தது. கல்லூரி அலுவலகம் எழுதியது: ஓய்வு பெற்றோரின் தனிக் கோப்புகள் விதிப்படி அழிக்கப்பட்டுவிட்டதால், தாங்கள் குறிப்பிடும் மெமோ இல்லை, இல்லாத மெமோவைத் திரும்பப் பெற இயலாது. விதி சரிதான், நானே அந்த விதியின் கீழ் எத்தனையோ கோப்புகளை எரித்திருக்கிறேன். ஆக, கவனக்குறைவு என்ற அந்தச் சொல் இன்று உலகத்தில் என் மூடிக்கு அடியில் மட்டும்தான் இருக்கிறது. ஆய்விதழ் நிதானமாகத்தான் அசைந்தது. ஆனால் அசைந்தது. கட்டுரையின் தலையில் ஒரு குறிப்பு ஏறியது: இதன் மாதிரி அடையாளங்கள் குறித்து ஐயம் எழுந்துள்ளது, ஆசிரியரிடம் விளக்கம் கேட்கப்பட்டுள்ளது. அந்தப் பக்கத்தை நான் தினமும் திறந்து பார்க்கிறேன். சிலர் ராசிபலன் பார்க்கிறார்கள்.

போன வாரம் அவரே கூப்பிட்டார். ஐயப்பன்தாங்கல் வீட்டிலிருந்து பேசுவதாகச் சொன்னார். பின்னால் குக்கர் விசில் கேட்டது. குரலில் பழைய கம்பீரம் அப்படியே இருந்தது. “நல்லா இருக்கீங்களாம்மா? சாருக்கு உடம்பு பரவாயில்லையா?” என்றார். என் கணவர் இறந்து இரண்டு வருடம் ஆகிறது. அதைச் சொல்லி அவரைச் சங்கடத்திலிருந்து காப்பாற்ற நான் விரும்பவில்லை. “நல்லா இருக்கோம் சார்” என்றேன். பிறகு விஷயத்துக்கு வந்தார். “பழைய கதைய எதுக்கும்மா கிளறணும்? உங்க லெட்டர இப்பத்தான் முழுசாப் படிச்சேன். கடைசில நீங்களே ஒத்துக்கிட்டீங்களே, பாத்தேன், எழுதலன்னு. அப்ப தப்பு உங்களோடதுதானேம்மா?”

“ஆமா சார், என் பங்கு என்னோடதுதான்” என்றேன். “அத நான் எழுதிக் குடுத்துட்டேன். தேதி, கையெழுத்து எல்லாம் இருக்கு. இப்ப உங்க பங்கு.”

அந்தப் பக்கம் குக்கர் இன்னொரு விசில் அடித்து ஓய்ந்தது. “என்னம்மா பண்ணச் சொல்றீங்க?” என்றார். அந்தக் குரலில் கம்பீரம் இல்லை. வெறும் வயதான மனிதரின் குரல். இரங்கியிருக்கலாம். இருபத்தேழு வருடம் கேட்ட வாசகம் தொண்டையில் காத்துக்கொண்டிருந்தது.

“எழுதிக் குடுங்க சார்” என்றேன்.

வைத்துவிட்டார். எழுதுவாரா என்று தெரியாது. காத்திருக்க எனக்குத் தெரியும்.

இன்று காலை பாடிக்காரி புதிய டேட்டாவோடு கீழே வந்து, என் மேசையில் மடிக்கணினிக்கு இடம் பண்ணிக்கொண்டு உட்கார்ந்தாள். அவள் போன பிறகு நான் காபியோடு வந்தேன். மூடி இடம் மாறி, அம்புக்குறி சுவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. டம்ளரைக் கீழே வைத்தேன். மூடியைச் சரியாகத் திருப்பி வைத்தேன். பிறகு பிழைப் பதிவேட்டை எடுத்து எழுதினேன்: காலை பத்து நாற்பது. மூடி திரும்பியிருந்தது. பார்த்தேன். திருப்பி வைத்தேன். கீழே கையெழுத்துப் போட்டேன்.

அதற்குள் காபி கொஞ்சம் ஆறியிருந்தது. சூடு பண்ணி எடுத்து வந்து, அவருடைய இரண்டாவது எழுத்தின் மேல் வைத்தேன்.